நாற்காலிக்குத் தனி விலை

இத்தாலியில் காபிக்கு இரண்டு விலை. கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒன்று, மேசையில் உட்கார்ந்து குடித்தால் இன்னொன்று. ரோமில் ஏதோ ஒரு குடியிருப்புத் தெருவில் நின்று குடிக்கும் எஸ்பிரெஸ்ஸோ ஒன்றேகால், ஒன்றரை யூரோவில் முடிந்துவிடும். பான்தியனைப் பார்த்தபடி போட்டிருக்கும் மேசையில் அதே காபிக்கு நாலு, ஐந்து யூரோ வாங்குவார்கள். ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. விலைப்பட்டியல் கடைக்குள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும். அதில் "பாங்கோ" என்று இருப்பது கவுண்டர் விலை, "தாவலோ" என்று இருப்பது மேசை விலை. வெனிஸில் 1720இல் தொடங்கிய ஃப்ளோரியன் காபிக் கடையில், வெளியே இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் இசைக்கும் பில்லில் தனியாக ஒரு வரி சேரும்.

ஊர்க்காரர்கள் காலையில் உட்காருவதே இல்லை. வேலைக்குப் போகிற வழியில் உள்ளே நுழைகிறார்கள். கல்லாவில் காசு கொடுத்து, ரசீதைக் கவுண்டரில் வைத்து, ஒரு கப்புச்சினோவும் ஒரு கொர்னெத்தோ ரொட்டியும் சாப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். மூன்று, மூன்றரை யூரோ. தங்கும் விடுதியில் காலை உணவுக்கென்று தலைக்குப் பத்து, பன்னிரண்டு யூரோ கூடுதலாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அங்கே வைப்பது மெஷின் காபியும் உறையில் அடைத்த ரொட்டியும்தான். தெருமுனைக் கடையில் கண்ணெதிரே இறக்கிய காபி கிடைக்கிறது. கூடவே கழிவறைச் சாவியும் கிடைக்கும். வெளியே கட்டணக் கழிவறைக்கு ஒரு யூரோ ஆகும் ஊரில் இதுவும் கணக்கில் வரும்.

ருசியும் சிக்கனமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. இத்தாலியில் அநேகமாக எல்லா வேளைச் சாப்பாட்டுக்கும் இதுதான் நிலைமை. காசு கரைவது நாற்காலியிலும் காட்சியிலும் பாட்டில் தண்ணீரிலும்தான். நல்ல சாப்பாடு என்று அந்த நாடு பெருமைப்படுகிற பண்டங்களில் முக்கால்வாசி, இல்லாதவர்கள் வீட்டு அடுப்பில் பிறந்தவை.

*

ரோம் நகரத்துத் தண்ணீரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். தெருவோரத்தில் ஓர் ஆள் இடுப்பைவிடச் சற்று உயரமாக ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கும். அதிலிருந்து மூக்கு மாதிரி வளைந்த குழாய் ஒன்று; அதில் இரவு பகலாகத் தண்ணீர் ஓடும். 1874 முதல் நகராட்சி வைத்துவருகிற "நாசோனி" இவை. நகரெங்கும் சுமார் 2,500 இருக்கின்றன. குடிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். கோடையிலும் குளிர்ச்சி குறையாது.

குழாயின் வளைவில் மேல்பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீச்சும். குனிந்து கையேந்த வேண்டாம், வாயை வைக்கவும் வேண்டாம். நாலு வயசுக் குழந்தை ஒன்று இதை என்னோடு வந்த அக்காவுக்குச் செய்து காட்டியது. அதற்குப் பிறகு அக்கா பாட்டில் தண்ணீர் வாங்கவே விடவில்லை.

கொலோசியத்துக்குப் பக்கத்தில் நகரத்துத் தண்ணீர் நிறுவனம் வைத்திருக்கும் "காசா தெல் ஆக்வா"வில் குளிர்ந்த தண்ணீரும் சோடாத் தண்ணீரும் இலவசம். வாசலில் கைவண்டிக்காரர்கள் அதே வெயிலுக்கு ஒரு பாட்டிலை இரண்டு யூரோவுக்கு விற்கிறார்கள். மிலானில் பச்சை நிறக் குழாய்கள், டூரினில் காளைத் தலை வைத்த குழாய்கள். எந்த ஊரிலும் காலிப் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும்.

உணவகத்துக்குள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. உலகத்திலேயே அதிகமாகப் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்களில் இத்தாலியரும் உண்டு. உட்கார்ந்ததும் சாதாத் தண்ணீரா, சோடாவா என்று கேட்பார்கள், இரண்டுமே பாட்டில்தான். இரண்டு பேருக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, மூன்று யூரோ. இதற்கு மல்லுக்கட்டத் தேவையில்லை.

*

எடை போட்டு விற்கும் பீட்ஸா. ரோமில் இதுதான் என் மதியச் சாப்பாடு, சில நாள் இராச்சாப்பாடும்.

நீளமான செவ்வகத் தட்டுகளில் பீட்ஸா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். எது வேண்டும் என்று விரலால் காட்ட வேண்டும். கடைக்காரர் கத்தியையோ கத்தரிக்கோலையோ அதன் மேல் வைத்து, "இவ்வளவு?" என்று முகத்தைப் பார்ப்பார். கையைச் சற்று உள்ளே தள்ளிக் காட்டினால் கத்தியும் நகரும். முடிவானதும் வெட்டி, தராசில் போட்டு, சூடு காட்டி, இரண்டாக மடித்துத் தாளில் சுற்றிக் கொடுப்பார். மூன்று வகையில் சின்னச் சின்னத் துண்டாகக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். கால் கிலோ வாங்கினால் வயிறு நிறையும், நாலைந்து யூரோ.

விலை கிலோவுக்கு எழுதியிருக்கும். சில கடையில் நூறு கிராமுக்கு. "எத்தோ" என்றால் நூறு கிராம். இந்தச் சொல்லை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் பெரிய உணவகங்களில் மீனுக்கும் மாட்டு இறைச்சிக்கும் இப்படித்தான் விலை போட்டிருப்பார்கள். "மீன் 7 யூரோ" என்று படித்துவிட்டு ஆர்டர் கொடுத்தால், வருகிற மீன் எண்ணூறு கிராம் இருக்கும். பில்லில் 56 யூரோ நிற்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் "எத்தோ" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும்.

மேலே எதுவும் பரப்பாமல் எண்ணெயும் உப்பும் மட்டும் போட்ட பீட்ஸா பியாங்கா, தக்காளி மட்டும் தடவிய பீட்ஸா ரோஸ்ஸா, மெல்லிய உருளைக்கிழங்கு வில்லைகளும் ரோஸ்மேரியும் வைத்தது. பட்டியலில் மலிவானவை இவை. மாவு நல்லதா இல்லையா என்பது இவற்றில்தான் தெரியும். காம்போ தெ ஃபியோரி சதுக்கத்து மூலையில் இருக்கும் பழைய ரொட்டிக் கடையில் சுடச்சுட வரும் பீட்ஸா பியாங்காவை நின்றபடியே தின்றுவிட்டு, இன்னொரு தடவை வரிசையில் போய் நிற்கலாம். வத்திகான் பக்கத்தில் போன்சி என்பவரின் "பீட்ஸாரியும்" 2003 முதல் இருக்கிறது. கொஞ்சம் விலை கூடுதல், வரிசையும் நீளம். மாவை நீண்ட நேரம் புளிக்கவைப்பதால் கனமே தெரியாது. அதற்குக் கொடுக்கிற காசு நியாயமான காசு.

*

அக்கா சுத்த சைவம். அவளுக்காக எழுதிவைத்தவை:

ரோமின் "சுப்ளி" பார்க்க நம் வெங்காயப் போண்டா மாதிரி இருக்கும். உள்ளே சோறு, தக்காளி, நடுவில் உருகிய சீஸ். பழைய முறைப்படி செய்தால் அந்தச் சோற்றில் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

பூசணிப்பூ பஜ்ஜி கிடைக்கிறதே என்று ஓடக்கூடாது. பூவுக்குள் மொஸரெல்லாவோடு நெத்திலி மீன் வைத்திருப்பார்கள்.

காய்கறிச் சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். "பிரோதோ" எது என்று கேட்க வேண்டும்.

பார்மிஜானோ சீஸில் பால் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். பெக்கொரீனோவில் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியினுடையது. இதை ஏற்பதா வேண்டாமா என்பதை ஊரிலேயே முடிவுசெய்துகொண்டு கிளம்புவது நிம்மதி.

வடக்கே, முக்கியமாகப் பொலோன்யாவில், புதிதாகப் பிசையும் பாஸ்தாவில் முட்டை உண்டு. கடையில் பாக்கெட்டில் விற்கும் காய்ந்த பாஸ்தா, பெரும்பாலும் துரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். உள்நாட்டில் விற்கும் காய்ந்த பாஸ்தாவில் துரம் ரவைதான் இருக்க வேண்டும் என்று 1967இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

சீஸும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது பீட்ஸா மரினாரா. தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், வேறு எதுவுமில்லை. பட்டியலில் முதல் வரியிலேயே, எல்லாவற்றிலும் குறைந்த விலைக்கு நிற்கும்.

*

தெஸ்தாச்சோ. ரோமின் பழைய கசாப்புக் கூடம் இருந்த பேட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது, 1975இல் மூடினார்கள். நல்ல சதையெல்லாம் பணக்காரர் வீட்டுக்கும் மதகுருமார் வீட்டுக்கும் போன பிறகு மிஞ்சிய வால், குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியோடு கூலியாகப் போனது. அதை வைத்து அவர்கள் வீட்டுப் பெண்களும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் சமைத்ததுதான் இன்று "ரோமானியச் சமையல்" என்று உலகம் தேடிவருகிற சமையல். தக்காளியிலும் செலரியிலும் மணிக்கணக்கில் வெந்த மாட்டுவால், புதினா போட்ட இரைப்பைக் கறி. நம் ஊரில் ஆட்டுக்குடல் குழம்பை ருசித்து வளர்ந்தவர்கள் யாருக்கும் இதில் கூச்சம் வராது.

2012இல் இடம் மாறிய தெஸ்தாச்சோ சந்தை அந்தக் கசாப்புக் கூடத்துக்கு எதிரேயே இருக்கிறது. காய்கறிக் கடைகளுக்கு நடுவே "மோர்தி எ வாய்" என்றொரு கடை. வேகவைத்த மாட்டிறைச்சியைக் குழம்போடு ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். ரொட்டியின் உள்பக்கத்தை முதலில் அந்தக் குழம்பில் ஒரு தடவை முக்கி எடுப்பார்கள். தாள் நனைந்து கையில் வழியும். பத்து மணிக்கே சந்தைக்காரர்கள் நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு யூரோவுக்குள் எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அக்கா அதே சந்தையில் ஒரு கிலோ பீச் பழம் வாங்கிக் குழாயில் கழுவிக்கொண்டாள்.

சந்தையில் பழத்தைக் கையால் தொட்டுப் பொறுக்கினால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். "இன்றைக்குச் சாப்பிட" என்று சொன்னால் பழுத்ததாக அவரே எடுத்துத் தருவார். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை போட்டுப் பொறுக்கி, தராசில் வைத்து, எண்ணை அழுத்தி, வருகிற சீட்டைப் பையில் ஒட்ட வேண்டும். சீட்டு ஒட்டாமல் கல்லாவுக்குப் போனால் பின்னால் நிற்கிற வரிசை முழுக்கக் காத்திருக்கும்.

*

காச்சோ எ பெப்பே. பெக்கொரீனோ சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர், மிளகு, அவ்வளவுதான். ஆட்டிடையர்கள் பையில் கொண்டுபோனதை வைத்துச் செய்த பண்டம் என்று சொல்வார்கள். பத்து, பன்னிரண்டு யூரோவுக்கு ரோமில் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். மிளகைத் தட்டி, வறுத்துப் போடுகிற கடையில் சாப்பிட வேண்டும். தட்டுக்கு முன்னாலேயே வாசனை மேசைக்கு வந்துவிடும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. ரோமின் பழைய மன்றத்துக்குள், மாக்செந்தியுஸ் மண்டபத்துக்கு அடியில், "ஹொர்ரேயா பிபெராதாரியா" என்ற மிளகுக் கிடங்கின் சுவர்கள் இருக்கின்றன. பேரரசர் தொமித்தியன் காலத்தில், முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அங்கே குவிந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து, முசிறித் துறைமுகம் வழியாகப் போனது. சேரநாட்டில் யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிய சேதி அகநானூற்றில் இருக்கிறது. அதே நூற்றாண்டில் ரோமில் இருந்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கிடங்கின் பக்கம் நடந்துவிட்டு வந்து மிளகு பாஸ்தா சாப்பிட்ட அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. பெருமைதான், வேறென்ன.

*

மதியம் நன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, இரவு எளிமையாக முடித்துக்கொள்வது. உணவகத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் இந்த வரிசையே லாபம்.

வேலை நாளில் மதியம் பல சின்னக் கடைகளில் ஒரே விலைச் சாப்பாடு உண்டு. ஒரு பாஸ்தா, ஒரு இறைச்சியோ மீனோ, ஒரு காய்கறி, தண்ணீர், சில இடத்தில் காபியும் சேர்த்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து யூரோ. சுற்றுலாப் பயணிகளுக்கென்று நாலு மொழியில் அச்சடித்து வெளியே வைத்திருக்கும் "ஒரே விலை" வேறு, இது வேறு. இதைத் தாளில் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பார்கள். படம் இருக்காது. சிமெண்ட் ஒட்டிய காலணியோடு ஆட்கள் உள்ளே போவார்கள். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி, இரண்டரைக்கு அடுப்பு அணைந்துவிடும். இராச்சாப்பாட்டுக்கு ஏழரைக்கு மேல்தான் திறப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு "வாங்க, வாங்க" என்று ஆள் நிறுத்திக் கூப்பிடுகிற கடையில் ஊர்க்காரர் ஒருவரும் சாப்பிட மாட்டார்.

ஃப்ளோரன்ஸில் சான் லொரென்சோ சந்தைக்குப் பக்கத்தில் 1953 முதல் நடக்கும் மாரியோ என்ற சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில்தான் உட்கார்த்திவைப்பார்கள். முழங்கை இடிக்கும். எதிரே இருந்த பெரியவர் தன் தட்டில் இருந்த வெள்ளை அவரையைக் காட்டி, எங்கள் மேசையில் இருந்த ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி, அக்காவின் அவரை மேல் தாராளமாக ஊற்றிவிட்டார். வேகவைத்த அவரை, உப்பு, மிளகு, பச்சை எண்ணெய். அவ்வளவு எளிமையான ஒரு தட்டு அவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்பதை அக்கா ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் தட்டு, இரண்டாம் தட்டு, காய்கறி, இனிப்பு என்று எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு பாஸ்தா மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. "கொந்தோர்னோ" என்ற பகுதியில் இருக்கும் காய்கறிகளில் இரண்டை வாங்கி ரொட்டியோடு சாப்பிட்டால் சைவக்காரருக்கு அதுவே முழுச் சாப்பாடு. பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய கீரை, அடுப்பில் சுட்ட உருளை; தலா ஐந்து, ஆறு யூரோ. ஒயின் குடிப்பவர்கள் பாட்டிலைத் தொடாமல், வீட்டு ஒயினைக் கால் லிட்டர், அரை லிட்டர் கூஜாவில் கேட்கலாம்.

*

பில்லில் "கொபெர்த்தோ" என்றொரு வரி வரும். தலைக்கு ஒன்றரை, இரண்டு யூரோ. மேசைவிரிப்புக்கும் ரொட்டிக்கும் உட்கார்ந்ததற்கும் சேர்த்து. பட்டியலில் சொல்லியிருந்தால் அது முறையான கட்டணம். சண்டை போட ஒன்றுமில்லை. ரோம் இருக்கும் லாசியோ மாநிலத்தில் மட்டும் 2006இல் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக "ரொட்டி" என்று ஒரு வரி வருவதைப் பார்க்கலாம். ரொட்டி வேண்டாம் என்றால் வைக்கும்போதே திருப்பி அனுப்பிவிடலாம். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மனசுக்குப் பிடித்திருந்தால் ஓரிரு நாணயம் வைத்துவிட்டு வரலாம்.

*

ஃப்ளோரன்ஸ் இருக்கும் தொஸ்கானா மாநிலத்து ரொட்டியில் உப்பே கிடையாது. முதல் கடியில் ஏமாற்றமாக இருக்கும். உப்பு ஏறிய சீஸ், உப்பிட்ட இறைச்சி, காரமான எண்ணெய் எல்லாம் அதோடு சேரும்போதுதான் அதன் நியாயம் தெரியும். அந்த ரொட்டி காய்ந்தால் தூக்கிப் போடுவதில்லை. கரு முட்டைக்கோஸும் அவரையும் போட்ட சூப்பில் ஊறவைத்து மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்தால் ரிபொல்லித்தா. தக்காளியோடு குழைய வேகவைத்தால் பாப்பா அல் பொமொதோரோ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வெங்காயம், வெள்ளரி, வினிகரோடு பிசைந்தால் பன்சனெல்லா. பழைய சோற்றை அருமையாக நினைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்றும் உடனே பிடித்துவிடும். பட்டியலில் மூன்றும் மலிவான வரியில் இருக்கும். ரிபொல்லித்தா குளிர்காலத்துக்கு, பன்சனெல்லா கோடைக்கு. மாற்றிக் கேட்டால் நல்ல கடையில் இல்லை என்பார்கள்.

ஃப்ளோரன்ஸ் மத்தியச் சந்தைக் கட்டடம் 1874இல் திறந்தது. கீழ்த்தளத்தில் நெர்போனே என்ற பழைய கடை. மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து, பொடியாக நறுக்கி, பச்சைச் சட்னியோடு ரொட்டியில் வைத்துத் தருவது லம்ப்ரெதோத்தோ. மேல்தளம் புதிது, விலையும் கூட. கீழே நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே மேல்.

*

நேப்பிள்ஸ். பீட்ஸாவுக்காக இங்கே காசைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தா மிக்கேலே 1870இல் தொடங்கிய கடை. மரினாரா, மார்கெரித்தா என்ற இரண்டை வைத்தே பேர் வாங்கியது. ஐந்தாறு யூரோவுக்குத் தட்டைத் தாண்டித் தொங்கும் அளவில் ஒரு பீட்ஸா. தெருவில் நான்காக மடித்துத் தரும் சின்னது இரண்டு, மூன்று யூரோ. நடந்துகொண்டே சாப்பிடலாம், எண்ணெய் முழங்கை வரை வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அடுப்பும் சீஸும் இல்லாதவர்கள் மாவை எண்ணெயில் பொரித்து வாசலில் விற்றார்கள். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கிற வழக்கமும் அதோடு இருந்தது. வித்தோரியோ தெ சீக்கா 1954இல் எடுத்த "நேப்பிள்ஸின் தங்கம்" படத்தில் சோபியா லோரன் விற்பது அந்தப் பொரித்த பீட்ஸாதான். அதே ஊரில் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டு காபிக்குக் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. இரண்டாவது, காசில்லாமல் பின்னால் வருகிற யாருக்காவது. நானும் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நாள் செலவில் மிச்சம் பிடித்த காசுக்கு இதைவிட நல்ல வழி அங்கே தெரியவில்லை.

*

பொலோன்யாவில் ஒஸ்தெரியா தெல் சோலே. 1465 முதல் இருக்கிற மதுக்கடை. சமையலே கிடையாது. குடிப்பதை அங்கே வாங்க வேண்டும், சாப்பாட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். பக்கத்துத் தெருக்களில் மொர்த்ததெல்லா நூறு கிராம், சீஸ் ஒரு துண்டு, ரொட்டி, தக்காளி என்று வாங்கிக்கொண்டு போய்ப் பழைய மர மேசையில் தாளை விரித்துச் சாப்பிடுகிறார்கள். மது தொடாத அக்காவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெனிஸில் உட்காரும் கணக்கை மறந்துவிட வேண்டும். ரியால்தோ பாலத்தின் மீன் சந்தைப் பக்கம் "பாக்கரோ" என்ற சின்னக் கடைகளில், ஒரு கடி, இரண்டு கடி அளவில் ரொட்டித் துண்டின் மேல் கருவாட்டு விழுது, கத்தரிக்காய், சீஸ் என்று வைத்து விற்பார்கள். ஒரு துண்டு இரண்டு யூரோ வாக்கில். ஒரு கடையில் இரண்டு, அடுத்த கடையில் இரண்டு என்று நடந்தபடியே இராச்சாப்பாடு முடிந்துவிடும். எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் தட்டு காலி.

*

வாங்கியதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதையும் பார்க்க வேண்டும். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரவே கூடாது. வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் அபராதம். ஃப்ளோரன்ஸும் 2018இல் கூட்டம் மிகுந்த சில தெருக்களின் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை போட்டது. நாலு யூரோ மிச்சம் பிடிக்கப் போய் நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டி வரும். பூங்கா பெஞ்சு தப்பில்லை. தேவாலயப் படிகளை விட்டுவிடுவது மரியாதையும்கூட.

*

ஐஸ்கிரீம்: மலை மாதிரி குவித்து, பளபளவென்று பச்சையும் நீலமுமாக இருந்தால் தாண்டிப் போய்விடலாம். பிஸ்தா நல்லதாக இருந்தால் மங்கிய பழுப்புப் பச்சையாக இருக்கும். எஃகுக் குவளைக்குள் மூடிபோட்டு வைத்திருக்கிற கடை அநேகமாக ஏமாற்றாது. விலை இரண்டிலும் ஒன்றுதான், மோசமானதுதான் சில இடங்களில் கூடுதல்.

*

சமையலறை உள்ள அறை எடுத்தது பெரிய லாபம். ரோம் தெர்மினி நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குயிலீனோ சந்தை. முன்பு விட்டோரியோ சதுக்கத்தில் திறந்தவெளியில் நடந்தது, இப்போது கட்டடத்துக்குள். வங்காளதேசத்துக்காரர்களும் சீனர்களும் ஆப்பிரிக்கர்களும் கடை போட்டிருக்கிறார்கள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, இஞ்சி, கடுகு எல்லாம் அங்கே கிடைத்தன.

தயிர்சாதத்துக்கு பாஸ்மதி தேட வேண்டாம். ரிசோத்தோவுக்கு விற்கிற ஆர்போரியோ அரிசியைக் கூடுதல் தண்ணீர் வைத்துக் குழைய விட்டால் அருமையாக மசியும். "இன்தெரோ" என்று எழுதியிருப்பது முழுப்பால் தயிர், இனிப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மறுநாள் ரயிலில் சாப்பிட்டோம். ஊர்ச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கித்தான் பலர் இருபது யூரோ கொடுத்து வெளிநாட்டு இந்திய உணவகத்தில் வெண்ணெய்க் குழம்பு சாப்பிடுகிறார்கள். ஒரு வேளைத் தயிர்சாதம் அந்த ஏக்கத்தைத் தீர்த்துவிடுகிறது. மறுநாள் இத்தாலிச் சாப்பாட்டுக்கு நாக்கு தயாராகவும் இருக்கிறது.

*

பாலெர்மோ. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிற ஊர். நகரத்தின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறி வருபவர்களில் சைவத் தமிழர்களும் இருக்கிறார்கள். பல்லாரோ சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"எங்கயிருந்து வாறியள் தங்கச்சி? இந்தியாவோ?"

"மதுரை அண்ணா. அக்கா சைவம், என்ன சாப்பிடலாம்னு தேடிட்டிருக்கோம்."

"சைவமெண்டா இஞ்ச பயமில்லை. பனெல்லே சாப்பிடுங்கோ, கடலை மாவில செய்யிறது. ஆனா இறைச்சி பொரிக்கிற எண்ணெயோ எண்டு கேட்டு வாங்குங்கோ அக்கா. நாங்கள் வெள்ளிக்கிழமையில உதுதான் சாப்பிடுறனாங்கள்."

எதிர்க் கடையைக் காட்டிவிட்டு, கடைக்காரரிடம் சிசிலி மொழியில் ஏதோ சொல்லிவிட்டும் போனார்.

கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லியும் போட்டு, கட்டி தட்டாமல் களி மாதிரி கிண்டுகிறார்கள். சூடாக இருக்கும்போதே மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு எண்ணெயில் விடுகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு வெண்ணெய் மாதிரியும் வரும். எள் தூவிய ரொட்டிக்குள் ஐந்தாறு துண்டு அடுக்கி, எலுமிச்சை பிழிந்து, கையில் தருவார்கள். இரண்டு, மூன்று யூரோ. அக்கா பாலெர்மோவில் இருந்தவரை வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜெனோவாவில் இதே மாவைப் பெரிய வட்டச் செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு "ஃபரினாத்தா" என்கிறார்கள். அதுவும் சைவம், அதுவும் எடை போட்டுத்தான்.

காலையில் அங்கே கிரானித்தா. பாதாம் கிரானித்தாவும் ஒரு பிரியோஷ் ரொட்டியும். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். வெயில் காலத்தில் பகல் பன்னிரண்டு வரைக்கும் பசி தெரியாது.

*

ஊருக்குக் கொண்டுவருவதற்கு விமான நிலையக் கடை வேண்டாம். கொனாத், கூப் மாதிரியான சூப்பர்மார்க்கெட்டில் அதே பாஸ்தா மூன்றில் ஒரு பங்கு விலை. பாக்கெட்டில் "பிரோன்சோ" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். வெண்கல அச்சில் பிழிந்தது. மேல்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் குழம்பு ஒட்டும். சிசிலிச் சந்தைகளில் ஒரேகானோவைச் செடியோடு காயவைத்துக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு கட்டு இரண்டு, மூன்று யூரோ. கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம், பை முழுக்க மணக்கும். உப்பில் போட்ட கேப்பர் மொட்டும் அப்படியே, ஆறு மாதம் கெடாது. பெஸ்தோ, ஆலிவ் எண்ணெய், தக்காளி டப்பா மூன்றும் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள்.